வேட்டிக்கு வழி விட்டார்கள், ஜீன்ஸை நிறுத்திவிட்டார்கள்: கோல்ஃப் மைதானத்தில் ஆடைக் கட்டுப்பாடு வேண்டுமா?

அரைக்கைச்சட்டை | ஞாயிறு, இரவு 9.12

போன சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அலுவலக நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். "காலையில் வந்துவிடுங்கள், ஒன்பது குழி ஆடுவோம், அப்படியே இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த தாய்மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமாவுக்கு எழுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எந்த வெட்டவெளியைக் கண்டாலும் "இது எத்தனை ஏக்கர்?" என்றுதான் முதலில் கேட்பார். அன்றைக்கும் வழக்கம்போல எட்டு முழ வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நான் புது ஜீன்ஸும் வட்டக் கழுத்து டி-ஷர்ட்டும் போட்டிருந்தேன். இரண்டுக்குமாக ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

வாசல் காவலாளி மாமாவுக்கு வணக்கம் வைத்தார். எனக்குக் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஜீன்ஸுக்கு அனுமதி இல்லை, சார். காலர் இல்லாத சட்டைக்கும் இல்லை."

"மாமாவை உள்ளே விட்டீர்களே?"

"வேட்டிக்குச் சட்டம் இருக்கிறது, சார். ஜீன்ஸுக்கு எந்தச் சட்டமும் இல்லை."

நண்பர் ஓடி வந்தார். உள்ளே இருக்கும் கடையில் காலர் வைத்த டி-ஷர்ட்டின் விலை 2,400 ரூபாய். அதற்குக் குறைந்து ஒன்றும் இல்லை. கால்சட்டை, நண்பரின் கார் டிக்கியில் கிடந்தது. அவருக்கு இடுப்பு முப்பத்தெட்டு, எனக்கு முப்பத்திரண்டு. பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒன்பது குழியும் ஆடினேன் என்றால் நம்புங்கள். ஆடியதில் பாதி நேரம் ஒரு கை இடுப்பில்தான் இருந்தது. மாமா ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். நான்காவது குழிக்குப் பலகையில் 165 கெஜம் என்று எழுதியிருந்ததை நம்பாமல், எழுந்து ஓரமாக நடந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் போட்டிருக்கிறான்" என்று சான்றிதழும் கொடுத்தார்.

இப்போது கேள்வி. ஒரு பந்தைக் குச்சியால் தட்டிக் குழிக்குள் போட, என் சட்டையின் கழுத்தில் அந்தத் துண்டுத் துணி எதற்காக இருக்க வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். (கொஞ்சம் கோபமும்தான். 2,400 ரூபாய்.)

---

பதினெட்டாம்_குழி | ஞாயிறு, இரவு 10.03

நண்பரே, கால்சட்டை விஷயத்தில் முழு அனுதாபம். ஆனால் தவறு உங்களுடையதும் உங்கள் நண்பருடையதும்தான். அழைத்தவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர், நடுவில் மூன்று ஆண்டுகள் குழுவிலும் இருந்தேன். அதனால் வசவு வாங்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் காலணி. குழி இருக்கும் அந்த வட்டப் புல்தரையை, கிரீன் என்று சொல்வோம், மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். சவரம் செய்த கன்னம் போல இருக்கும். அதில் குதிகால் உயர்ந்த செருப்போ ஆணி அடித்த பூட்ஸோ ஒருமுறை பதிந்தால் அடுத்து வருபவரின் பந்து அந்தப் பள்ளத்தில் விழுந்து திரும்பிவிடும். முன்பெல்லாம் கோல்ஃப் காலணியிலேயே இரும்பு ஆணி இருந்தது. தொண்ணூறுகளில்தான் பிளாஸ்டிக் ஆணிக்கு மாறினார்கள். இதெல்லாம் பகட்டு இல்லை, பராமரிப்பு.

இரண்டாவது, கிளப் என்பது தெருமுனைப் பூங்கா இல்லை. சிலர் கூடி, சந்தா கட்டி, தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட விதி அது. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். கழற்றிவிட்டுத்தானே போகிறோம்? அங்கே ஏன் என்று கேட்காதவர்கள் இங்கே மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

---

ஓலைக்கூடை | ஞாயிறு, இரவு 10.11

திருச்செந்தூரில் சட்டையைக் கழற்ற 2,400 ரூபாய் கேட்பதில்லை, ஐயா.

---

மனுதாரர்_மயிலை | ஞாயிறு, இரவு 11.30

அந்தக் காவலாளிக்கு என் வணக்கம். ஒரே வரியில் அவர் சொன்னதை விரித்துச் சொன்னால் இவ்வளவுதான்:

2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. வேட்டி கட்டிக்கொண்டு போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து செய்தித்தாள்களிலும் சட்டமன்றத்திலும் அதே பேச்சு. எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசிய அபூர்வமான நாட்கள் அவை. அடுத்த மாதமே, ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் நுழைய ஆடையைக் காரணம் காட்டித் தடுப்பதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வருபவரை அந்த ஒரு காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமத்துக்கும் ஆபத்து.

இதில் கவனிக்க வேண்டியது, "பொது இடம்" என்ற சொல்லுக்குள் கிளப்புகளையும் சங்கங்களையும் சேர்த்தே எழுதினார்கள் என்பது. ஆகவே பதினெட்டாம்_குழி ஐயா சொல்லும் "எங்கள் வீடு, எங்கள் விதி" வாதம் வேட்டியைப் பொறுத்தவரை இந்த மாநிலத்தில் பன்னிரண்டு மாதச் சிறையில் போய் முட்டும். ஜீன்ஸைப் பொறுத்தவரை அவர் வாதம் நிற்கும். அரைக்கைச்சட்டை நண்பருக்கு வழக்கு இல்லை. வந்தால் கட்டணம் வாங்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சட்டம் ஆடைக் கட்டுப்பாட்டை ஒழிக்கவில்லை. பட்டியலில் வேட்டியைச் சேர்த்தது. கதவில் நிற்கும் ஆள் அப்படியேதான் நிற்கிறார்.

---

குதிரைப்பாய்ச்சல் | திங்கள், காலை 6.48

ஜீன்ஸ் என்றதும் சதுரங்கக்காரன் நான் உள்ளே வராமல் இருக்க முடியாது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் உலக ரேப்பிட், அதாவது விரைவுச் சதுரங்கப் போட்டி. உலகின் முதல்நிலைச் சதுரங்க ஆட்டக்காரர் கார்ல்சன் ஜீன்ஸ் போட்டு வந்தார். 200 டாலர் அபராதம். மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நாளைக்கு மாற்றுகிறேன் என்றார். அடுத்த சுற்றில் அவருக்கு எதிராளியை ஒதுக்கவில்லை, அவரும் போட்டியை விட்டே போய்விட்டார். பிறகு விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், அதைவிட வேகமான பிளிட்ஸ் போட்டிக்கு அவர் வந்தார். அதே ஜீன்ஸோடு.

புல்லே இல்லாத ஆட்டத்திலும் இதே பாடுதான் என்பதற்காகச் சொன்னேன். சதுரங்கப் பலகையில் யாருடைய குதிகாலும் பதிவதில்லை.

---

பழைய_கேடி | திங்கள், பகல் 2.20

நான் பெரும்பாலும் இங்கே படிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றுகிறது.

எனக்குப் பதினான்கு வயதில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாகப் போனேன். பதினெட்டுக் குழிக்கு 25 ரூபாய். பை பன்னிரண்டு பதிமூன்று கிலோ இருக்கும். சில பெரியவர்களின் பையில் பழம், பிளாஸ்க், குடை எல்லாம் சேர்ந்து இன்னும் கூடுதலாக இருக்கும். எங்களுக்கும் ஆடைக் கட்டுப்பாடு உண்டு. நீலச் சட்டை, முதுகில் எண். நான் 47. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "நாற்பத்தேழு, ஏழாம் இரும்பு!" என்றால் ஏழாம் எண் மட்டையை உருவிக் கொடுக்க வேண்டும்.

பதினெட்டாம்_குழி ஐயா கிரீனைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. மறுக்கமாட்டேன். ஆனால் நான் அந்தக் கிரீனில் ஏழு வருடம் ரப்பர் செருப்போடு நடந்தேன். மழை நாளில் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்க் கொடியைப் பிடிப்பேன். புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐயாக்கள் பூட்ஸின் ஆணியால் கிழித்ததை நாங்கள்தான் குனிந்து முள்கரண்டியால் சரி செய்தோம்.

திங்கட்கிழமை எங்கள் நாள். மைதானம் மூடியிருக்கும், கேடிகள் ஆடிக்கொள்ளலாம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவோம். வளைந்துபோய்த் தூக்கி எறிந்த மட்டை ஒன்று, குளத்திலிருந்து எடுத்த பந்து நாலைந்து. எங்களில் ஒருவன் கைலியோடு பதினெட்டுக் குழியையும் 74 அடியில் முடித்தான் (அடி குறையக் குறைய நல்லது). அது எந்தப் பலகையிலும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் மறுபடி எண் 12.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் காலருக்கு எதிரி இல்லை. ஓர் உறுப்பினரின் மனைவி, பழசானாலும் நன்றாக இருந்த மெரூன் நிறக் காலர் டி-ஷர்ட் ஒன்று எனக்குக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். "உட்காருங்கள்" என்றார்கள். அதற்கு முன் மூன்று முறை அதே வங்கிக்குப் போயிருக்கிறேன், மூன்று முறையும் நின்றுகொண்டே படிவம் நிரப்பியவன். இப்போது பயிற்சி மைதானம் ஒன்றில் ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறேன். தினமும் காலர்தான், கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் வட்டக் கழுத்தில் வருகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கு அது இல்லாமலே எல்லா இடத்திலும் நாற்காலி கிடைக்கிறது.

அந்த 2,400 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு அன்றைய கணக்கில் தொண்ணூற்றாறு சுற்றுப் பை தூக்க வேண்டும். சும்மா போட்டுப் பார்த்தேன்.

---

அரைக்கைச்சட்டை | திங்கள், பகல் 2.55

அண்ணா, என் இடுப்புப் பிரச்சினையை இனிமேல் இந்த இழையில் பேசமாட்டேன்.

---

பதினெட்டாம்_குழி | திங்கள், மாலை 6.15

பழைய_கேடி அவர்களே, இதைப் படித்துவிட்டு இரண்டு மணி நேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். முதுகில் எண் போடுவது பற்றி எங்கள் குழுவில் ஒருமுறை பேச்சு வந்தது. எண்ணின் அளவைப் பற்றித்தான் பேசினோம். அது வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனாலும் என் வாதத்தை முழுதாக விட்டுவிடப் போவதில்லை. நீங்களே சொல்கிறீர்கள், காலர் உங்களுக்கு ஒரு நாற்காலியைத் தந்தது என்று. ஒழுங்கான உடை உடுத்தும்போது மனிதன் ஒழுங்காக நடந்துகொள்கிறான் என்பது என் அனுபவம். மைதானத்தில் மட்டையைத் தூக்கி எறிபவன், மணல் குழியைச் சமன் செய்யாமல் போகிறவன், பெரும்பாலும் சட்டையை வெளியே விட்டவனாகத்தான் இருக்கிறான்.

---

குதிரைப்பாய்ச்சல் | திங்கள், மாலை 6.31

மட்டையைத் தூக்கி எறிந்த தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். அத்தனை பேரும் சட்டையை உள்ளே விட்டவர்கள், ஐயா.

---

தேம்ஸ்_தாண்டி | திங்கள், இரவு 11.48

லண்டனிலிருந்து எழுதுகிறேன். வீடு விம்பிள்டன் பக்கம். டென்னிஸ் இல்லை, விம்பிள்டன் காமன் என்று பெரிய காடும் புல்வெளியும் ஒன்று உண்டு, ஊருக்குப் பொது. நாய் நடத்துபவர்கள், குதிரை ஓட்டுபவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு போகிறவர்கள், எல்லோருக்கும் அங்கே வழி உண்டு. அதன் நடுவிலேயே கோல்ஃபும் ஆடுகிறார்கள்.

அங்கே ஆடுகிறவர்கள் யாராக இருந்தாலும் மேலே தபால்பெட்டிச் சிவப்பில் ஏதாவது அணிந்தே ஆக வேண்டும். முதல்முறை பார்த்தபோது, மூடுபனியில் நாலு சிவப்புச் சட்டைகள் மரங்களுக்கு நடுவே நகர்ந்து வந்ததைக் கண்டு என் மகள் "அம்மா, தபால்காரர்கள் எல்லாரும் ஏன் காட்டுக்குள் வருகிறார்கள்?" என்று கேட்டாள். காரணம் எளியது. பந்து பறக்கிற இடம், பக்கத்தில் போகிறவர் தூரத்திலிருந்தே பார்த்து ஒதுங்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொது நிலத்தில் கோல்ஃப் ஆடியவர்கள் இதற்காகவே சிவப்புக் கோட்டுப் போட்டார்கள். பல ஊர்களில் அது பிறகு வெறும் ஆடம்பரச் சின்னமாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. இங்கே இன்னும் வேலை செய்கிறது.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது, அது ஆடாதவர்களைக் காப்பதற்காக ஆடுகிறவர்கள் மேல் போட்ட விதி. காலர் உண்டா, ஜீன்ஸா, துணி என்ன விலை, இதெல்லாம் பாதையில் போகிற எனக்குத் தேவையில்லை. சிவப்பாக இருந்தால் போதும்.

---

ஏழாம்_இரும்பு | செவ்வாய், காலை 9.05

இதுவரை பேசியவர்களில் மைதானத்தில் ஆடும் பெண் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். தேம்ஸ்_தாண்டி அக்கா பாதையில் போகிறவர், அவரைச் சேர்க்கவில்லை.

உங்கள் காலர் சண்டை எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. எங்களுக்கு எழுதியிருப்பதைக் கேளுங்கள். நான் ஆடிய ஓர் இடத்தில் இப்படி விதி: கை இல்லாத சட்டை என்றால் காலர் இருக்க வேண்டும், காலர் இல்லாவிட்டால் கை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வெளியே. இதைப் புரிந்துகொள்ளவே ஒரு நாள் ஆயிற்று. குட்டைப் பாவாடை போடலாம், ஆனால் சல்வார் கமீஸோடு பயிற்சிக்குப் போன அன்று "மேடம், இது விளையாட்டு உடை இல்லையே" என்று தயங்கினார் ஒருவர். துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலில் நாற்று நடுகிற பெண்களை அவர் பார்த்ததே இல்லை போலும். கோல்ஃப் சுழற்சியைவிடக் கடினமாகக் குனிந்து நிமிர்கிறார்கள்.

வரலாறும் இதேதான். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃபை வென்றவர் மார்கரெட் அபட். ஒன்பது குழியை 47 அடியில் முடித்தார். மற்றவர்கள் இறுக்கமான பாவாடையும் உயர் குதிகால் செருப்புமாக ஆட வந்ததுதான் தன் வெற்றிக்கு உதவியது என்று பின்னால் வேடிக்கையாகச் சொன்னதாகச் சொல்வார்கள். தான் வென்றது ஒலிம்பிக் என்பதே தெரியாமல் 1955இல் இறந்துபோனார். 1933இல் இங்கிலாந்துப் பெண்கள் போட்டிக்கு குளோரியா மினோப்ரியோ என்பவர் கால்சட்டை போட்டு வந்தார். அதுவரை யாரும் வந்ததில்லை. பாவாடையை மறந்துவிட்டாயா என்பது போல் எல்லோரும் பார்க்க, அவர் ஒரே ஒரு மட்டையை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் ஆடினார். தோற்றார். பெண்கள் கோல்ஃப் சங்கம் வழக்கமான உடையிலிருந்து விலகியதற்காக வருத்தம் தெரிவித்தது. ஒரே மட்டையோடு ஆடியதைப் பற்றி அவர்களுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை!

அது பழங்கதை என்று நினைத்தால், 2017இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கோல்ஃப் சங்கம் பாவாடை நீளத்தையும் கழுத்து இறக்கத்தையும் வரையறுத்து, மீறினால் 1,000 டாலர் என்றது. 1933இல் கால்சட்டை அதிகம், 2017இல் பாவாடை போதவில்லை. நடுவில் ஏதோ ஒரு வருடம் சரியான நீளத்தில் உடுத்தியிருப்போம்; யாரும் குறித்து வைக்கவில்லை.

பதினெட்டாம்_குழி சார், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் விதிப் புத்தகத்தில் ஆண்களுக்கு எத்தனை வரி, பெண்களுக்கு எத்தனை வரி? எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

---

பதினெட்டாம்_குழி | செவ்வாய், காலை 11.40

எண்ணினேன். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்குப் பதினொன்று.

---

களனி_ரயில் | செவ்வாய், மாலை 4.30

கொழும்பிலிருந்து ஒரு சின்னக் காட்சி. எங்கள் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது. முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள், பிறகு பொரளைப் பக்கம் போய்விட்டார்கள். அந்த மைதானத்தை ஊடறுத்துக்கொண்டு களனிவெளி ரயில் பாதை போகிறது. நான் வேலைக்குப் போவது அந்த ரயிலில்தான்.

காலையில் பெட்டி நிறையச் சனம், மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போவோம். ஒரு நிமிடத்துக்கு இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று விரியும். இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டையில் ஒருவர் மட்டையைத் தூக்கியபடி ரயில் போகட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பார். அவர் எங்களைப் பார்ப்பார், நாங்கள் அவரைப் பார்ப்போம். எங்கள் பெட்டியில் சாரம் (உங்கள் கைலி) கட்டினவர்களும் உண்டு, அவர்களை அந்த வாசலால் விடுவார்களோ தெரியாது. ஆனால் ரயிலோடு நாளுக்கு இரண்டு தரம் உள்ளே போய் வருகிறார்கள். எந்த உடுப்பும் கேட்பதில்லை.

---

ஓலைக்கூடை | செவ்வாய், மாலை 4.42

இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இதுதான்.

---

மனுதாரர்_மயிலை | செவ்வாய், இரவு 8.20

சட்டம் பேசியதில் ஒன்றை விட்டுவிட்டேன். நம் சட்டம் தமிழ்நாட்டோடு நின்றுவிடுகிறது. 2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்ததை நினைவிருக்கிறதா? மேகாலயாவைச் சேர்ந்த காசி இனப் பெண்மணி ஒருவர், தான் வேலை பார்க்கும் குடும்பத்தோடு விருந்தாளியாகச் சாப்பிடப் போனார். அவர்களின் மரபு உடையான ஜெயின்செம் அணிந்திருந்தார். மேசையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்கள். பணிப்பெண் போலத் தெரிகிறது என்பது காரணம். நாடே கொந்தளித்த பிறகு கிளப் மன்னிப்புக் கேட்டது.

இதில் காலர் இல்லை, ஜீன்ஸ் இல்லை, கிரீன் இல்லை. உடை அழுக்கு என்றோ கிழிசல் என்றோ யாரும் சொல்லவில்லை. பழைய_கேடி சொன்ன முதுகு எண்ணும் இதுவும் ஒரே விதியின் இரண்டு பக்கம் என்று எனக்குப் படுகிறது. உள்ளே வேலை செய்யலாம், உட்காரக் கூடாது.

---

பாத்தி_வரப்பு | செவ்வாய், இரவு 9.10

இவ்வளவு பேசுகிறீர்கள், நிலம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லையே? கிண்டியில் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர் அரசு நிலம், 99 ஆண்டுக் குத்தகை, அதற்குள்ளேதான் கோல்ஃபும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. பொது நிலத்தில் உட்கார்ந்துகொண்டு பொதுமக்களின் சட்டையில் காலர் தேடுவது என்ன நியாயம்? எல்லாக் கோல்ஃப் மைதானத்தையும் பிடுங்கிக் குளம் வெட்ட வேண்டும். பணக்காரக் கும்பல்

*[நெறியாளர்: பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது. நில விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது. திட்டுவதற்கு அங்கேயும் இடம் இல்லை.]*

---

பழைய_கேடி | புதன், காலை 7.15

பாத்தி_வரப்பு தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் மைதானத்தை மூடினால் முதலில் வேலை போவது கேடிக்கும் புல் வெட்டுகிறவருக்கும்தான். கொல்கத்தாவில் எஸ்.எஸ்.பி. சௌராசியா என்ற ஆட்டக்காரர் இருக்கிறார். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். அங்கேயே வளர்ந்து, ஆட்டம் பார்த்துப் பார்த்துக் கற்று, 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். மைதானம் இருந்ததால்தான் அவர் வந்தார். வாசல் அகலமாக இருந்திருந்தால் இன்னும் நாலு பேர் வந்திருப்பார்கள்.

இன்னொரு செய்தி, இளையவர்கள் தெரிந்துகொள்ள. அமெரிக்க ஆண்கள் தொழில்முறைப் போட்டித் தொடரில் கேடிகளும் நீளக் கால்சட்டைதான் போட வேண்டும் என்றிருந்தது. 1999இல் சிகாகோ பக்கம் கடும் வெயிலில் ஒரு கேடி மயங்கி விழுந்த பிறகுதான் அரைக்கால்சட்டைக்கு விட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு, அதுவும் பயிற்சிச் சுற்று போன்றவற்றில் மட்டும், 2019இல்தான் விட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் கேடி இருபது வருடம் முன்னால் போனான். அதற்கு ஒருவன் சுருண்டு விழ வேண்டியிருந்தது. மே மாதம் சென்னையில் பகல் பதினொரு மணிக்குப் பை தூக்கியவனுக்குத் தெரியும் அது என்ன வெயில் என்று.

---

பதினெட்டாம்_குழி | புதன், இரவு 9.55

மூன்று நாளாக அடி வாங்கியதில் ஒரு காரியம் செய்தேன். எங்கள் விதிப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "ஏன்" என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். மென் ஆணிக் காலணி: கிரீன். சரி. உயர்ந்த குதிகால் கூடாது: அதே காரணம், சரி. தொப்பியைக் கூடத்துக்குள் கழற்ற வேண்டும்: மரியாதை என்று எழுதினேன், யாருக்கு என்று எழுதத் தெரியவில்லை. ஜீன்ஸ் கூடாது: அரை மணி நேரம் யோசித்தேன். ஒரு காலத்தில் அது தொழிலாளியின் உடை என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. அதை எழுதக் கை வரவில்லை. காலர்: கழுத்தில் வெயில் படாமல் இருக்க என்று எழுதினேன். பிறகு எங்கள் கேடிகளின் நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. அதற்குக் காலர் கிடையாது. அழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் குழுக் கூட்டம். வாசலில் இரவல் கொடுக்க நாலைந்து அளவில் சட்டையும் கால்சட்டையும் வைக்க வேண்டும், கடையில் வாங்கச் சொல்லக் கூடாது என்று ஒரு கோரிக்கை. கேடிகளின் சட்டையில் எண்ணுக்குப் பதில் பெயர் என்று இன்னொன்று. ஜீன்ஸை நான் இன்னும் ஆதரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது அறுபத்தாறு. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்ள முடியாது.

---

ஏழாம்_இரும்பு | புதன், இரவு 10.02

பதினொன்றை ஆறாக்குவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், சார்.

---

அரைக்கைச்சட்டை | வியாழன், இரவு 8.30

கால்சட்டையை வெளுக்கப் போட்டு வாங்கி நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2,400 ரூபாய் டி-ஷர்ட்டை மாமா பார்த்துவிட்டு, "இந்தத் துணிக்கா?" என்று கையில் தேய்த்துப் பார்த்தார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த இழை முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பழைய_கேடி அண்ணன் எழுதியதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அவரும் ஒரு காலத்தில் நில அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து அதிகாரிக்குப் பின்னால் வெயிலில் நடந்தவர்தான். பிறகு, "அந்த விளையாட்டை ஒருநாள் ஆடிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். எனக்கே ஆச்சரியம்.

---

பதினெட்டாம்_குழி | வியாழன், இரவு 8.52

கூட்டிக்கொண்டு வாருங்கள். என் விருந்தாளியாக. காலணி என்ன அளவு?

---

அரைக்கைச்சட்டை | வியாழன், இரவு 9.04

எட்டு. ஆனால் வேட்டியோடுதான் ஆடுவாராம். மடித்துக் கட்டிக்கொண்டு.

---

மனுதாரர்_மயிலை | வியாழன், இரவு 9.10

நுழைவதற்கு உரிமை என்று சட்டம் சொல்கிறது. மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் வழக்காக இருக்கும். நான் கட்டணமில்லாமல் ஆஜராகத் தயார்.

---

பதினெட்டாம்_குழி | வியாழன், இரவு 9.37

வக்கீல் தேவைப்படாது. இப்போதுதான் புத்தகத்தைப் புரட்டினேன். அரைக்கால்சட்டை முழங்காலுக்கு மேல் நான்கு அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று இருக்கிறது. மடித்துக் கட்டிய வேட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

---

அரைக்கைச்சட்டை | வியாழன், இரவு 9.41

நான்கு அங்குலம் என்றதும் மாமா டேப்பைத் தேடி எடுத்துப் பையில் வைத்துவிட்டார். சனிக்கிழமை ஆறரைக்கு வாசலில் இருப்போம்.